நீண்ட சொல்லுக்கு இடம்

கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரை வாய்விட்டு எண்ணினால் 7 எழுத்து. கணினி எண்ணினால் 14. கொ என்பதைக் ககரம், ஒகரக் குறி என இரண்டாகவும், ஞ் என்பதை ஞகரம், புள்ளி என இரண்டாகவும் யூனிகோடு பிரித்து வைத்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அந்த ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். மொத்தம் 42. ஆங்கிலத்தில் அதே பெயர் 13 பைட்டில் அடங்கிவிடும். ஊர்ப்பெயருக்கு 40 பைட் தாராளம் என்று யாரோ முடிவு செய்திருந்தால், ரசீதில் ‘கொழிஞ்சாம்பாற’ என்று வந்து, அதன் பின்னால் பொருளற்ற ஒரு கறுப்புக் குறி நிற்கும்.

அந்தக் குறி வராமல் பார்த்துக்கொள்வது கோயம்புத்தூரில் பணியாற்றும் ஒரு வடிவமைப்பாளரின் அன்றாட வேலை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவர் அவர். தமிழ்வழியில் படித்தவர். மலையாளத்தைப் பேருந்துப் பலகையிலும் ரேஷன் கடையிலும் எழுத்துக்கூட்டிக் கற்றவர். அவருடைய நிறுவனம் பால் சொசைட்டிகளுக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் சிறு கடைகளுக்கும் கணக்குச் செயலிகள் செய்கிறது. அவற்றைப் பயன்படுத்துபவர்கள் வேலந்தாவளம், முதலமடை, மறையூர், வண்டன்மேடு, குமுளி எனக் கேரளத்தின் கிழக்கு விளிம்பு நெடுகிலும் இருக்கிறார்கள். மறுபக்கம் பொள்ளாச்சியிலும் போடியிலும் கம்பத்திலும் இருக்கிறார்கள். ஒரே செயலி தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஓட வேண்டும். அதற்கான டிசைன் சிஸ்டத்தைக் கட்டியதும் இன்றுவரை பராமரித்து வருவதும் அவருடைய குழு.

டிசைன் சிஸ்டம் என்றதும் பொத்தான்களும் வண்ணங்களும் அடுக்கிய ஓர் அலமாரியைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அலமாரி அதில் ஒரு பகுதி. எந்தச் சூழலில் எந்தப் பொத்தான், அதன்மேல் என்ன சொல், சுற்றிலும் எவ்வளவு இடைவெளி, பிழை நேர்ந்தால் அதை எங்கே எப்படிச் சொல்வது, இவற்றையெல்லாம் மாற்ற விரும்புபவர் யாரிடம் கேட்பது என்ற உடன்பாடுகள் இன்னொரு பகுதி. அந்த உடன்பாடுகளுக்கான காரணங்களும், அவற்றைப் பிசகாமல் நிறைவேற்றும் நிரல் துண்டுகளும் சேர்ந்தால்தான் சிஸ்டம் முழுமையாகும். கூகுள் 2014-இல் மெட்டீரியல் டிசைனை வெளியிட்டது. பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்கான சிஸ்டத்தை 2018-இல் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் ‘கிரேயான்ஸ்’ என்ற பெயரில் பொத்தான், கட்டம் போன்ற தன் திரை உறுப்புகளைத் திறமூலமாகத் தந்திருக்கிறது. இவற்றை ஊன்றிப் படித்துவிட்டுத்தான் அவர் வேலையில் இறங்கினார்.

முதல் வேலை கணக்கெடுப்பு. அமெரிக்க வடிவமைப்பாளர் பிராட் ஃப்ராஸ்ட் 2013-இல் பரிந்துரைத்த வழி அது: இருக்கும் எல்லாத் திரைகளையும் படம் பிடித்து, பொத்தான்களை ஒரு பக்கம், படிவக் கட்டங்களை ஒரு பக்கம், எச்சரிக்கைகளை ஒரு பக்கம் எனப் பிரித்து ஒட்டுவது. குழு அலுவலகச் சுவரில் ஒட்டிப் பார்த்தது. ஒரே வேலையைச் செய்யும் பொத்தான் ஒரு செயலியில் ‘சேமி’ என்றும், இன்னொன்றில் ‘பதிவு செய்’ என்றும், மூன்றாவதில் ‘சமர்ப்பி’ என்றும் இருந்தது. நீலத்தில் கண்ணுக்குப் பிரித்தறிய முடியாத பல சாயல்கள் இருந்தன. யாரும் கவனமில்லாமல் செய்தவை அல்ல. ஒவ்வொரு குழுவும் தன் அவசரத்தில், பக்கத்துக் குழு என்ன செய்கிறது என்று தெரியாமல், நல்ல எண்ணத்தோடு செய்தவை.

அந்தச் சுவரின் முன் நின்றபோது அவர் கண்ணில் பட்டது வேறு ஒன்று. ஆங்கிலத் திரைகள் ஒழுங்காக இருந்தன. தமிழ்த் திரைகளில் சொல் பொத்தானை விட்டு வெளியே வழிந்தது, அல்லது பாதியில் நின்று மூன்று புள்ளியோடு முடிந்தது. மலையாளத் திரைகளில் எழுத்தின் கால்கள் வெட்டுப்பட்டிருந்தன. அளவுகளை ஆங்கிலச் சொல்லுக்கு எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அதற்குள் திணித்ததன் விளைவு. அன்றே அவர் முறையைத் திருப்பிப் போட்டார்: மூன்று மொழியிலும் மிக நீளமான சொல் எதுவோ, மிக உயரமான எழுத்து எதுவோ, கையில் இருப்பதில் மிக மலிவான போன் எதுவோ, அதற்கு அளவெடுப்பது. மற்றவை தாமாக அதற்குள் அமரும்.

இந்த எல்லைப் பகுதிக்கு இது வசதி சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. அங்கிருந்த தமிழர்களும் அங்கேயே நின்றார்கள். 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. கேரளத்தின் தமிழ்வழி மாணவர்களுக்கு அரசுப் பாடநூல்கள் தமிழில் வருகின்றன. காகிதத்தில் கிடைத்த அந்த இடம் திரையிலும் கிடைக்க வேண்டுமானால், திரையின் அளவுகள் தமிழுக்கும் சேர்த்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழ்களை இணையவழியே தரும் மின் மாவட்டத் திட்டத்தைக் கேரளம் முதலில் சோதித்துப் பார்த்த இரு மாவட்டங்களில் பாலக்காடு ஒன்று, மற்றது கண்ணூர். சான்றிதழுக்காகத் திரையை நம்பி வாழும் பழக்கம் இங்கே புதிதில்லை.

2020 மே மாதத்தில், கோவிட் பொதுமுடக்கத்தின்போது, வாளையாரிலும் குமுளியிலும் எல்லை கடக்க வந்தவர்களுக்குத் தமிழக அரசின் இ-பாஸ் ஒன்று, கேரளத்தின் கோவிட்-19 ஜாக்ரதா தளத்தின் அனுமதி ஒன்று என இரண்டு தேவைப்பட்டன. ஒரே ஆள், ஒரே பயணம், இரண்டு படிவங்கள். எல்லையோரக் குடும்பங்களில் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் அந்த நாட்களில் ஊருக்கே எழுத்தர்களாக இருந்தார்கள். வடிவமைப்பாளரும் சொந்தக்காரர்களுக்காக நிரப்பினார். ஒரு படிவத்தில் கற்றது அடுத்த படிவத்தில் உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டது அப்போதுதான்.

தமிழும் மலையாளமும் ஒரு வேரில் கிளைத்த மொழிகள். ஆனால் திரையில் அவை வளரும் திசை வேறு. தமிழில் கூட்டெழுத்து அநேகமாக இல்லை. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் புள்ளியோடு தனித்தனியே வரிசையில் நிற்பதால் சொல் பக்கவாட்டில் நீளும். மலையாளத்தின் மரபு எழுத்துமுறையில் இரட்டித்த மெய்கள் பல ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். சொல் கீழ்நோக்கி இறங்கும். 1971-இல் தட்டச்சு வசதிக்காகக் கேரள அரசு எழுத்தைச் சீர்திருத்தியது. கணினி எழுத்துருக்கள் பின்னர் மரபு வடிவங்களை மீட்டுக் கொண்டுவந்தன. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 2016-இல் வெளியிட்ட மஞ்சரி எழுத்துரு அவற்றில் பலருக்கும் பழக்கமானது. ஆகவே ஒரே பொத்தான் தமிழுக்காக அகலத்தையும் மலையாளத்துக்காக உயரத்தையும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். மெட்டீரியல் டிசைனின் தொடக்ககால வழிகாட்டியே உலக எழுத்துகளை ஆங்கிலம் போன்றவை, உயரமானவை, அடர்த்தியானவை என மூன்றாகப் பிரித்து, தெற்காசிய எழுத்துகளை உயரமானவற்றில் சேர்த்து, வரிகளுக்கிடையே கூடுதல் இடம் கேட்டது. அவருடைய சிஸ்டத்தில் மூன்று மொழிக்கும் வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்கு. பொத்தானுக்கு நிலையான அகலம் கிடையாது. சொல் நீண்டால் பொத்தான் நீளும். திரை போதாவிட்டால் சொல் இரண்டாம் வரிக்கு இறங்கும். பொத்தானில் மூன்று புள்ளி போட்டு வெட்டுவதற்கு அனுமதியே இல்லை.

ஆங்கிலத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவரக்கூடாத வேறு சிலவும் உண்டு. பொத்தானில் எல்லாம் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்று மெட்டீரியல் டிசைன் நெடுநாள் வைத்திருந்தது; 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கைவிட்டது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் அப்படி ஓர் அழுத்தம் பிறக்காது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினால் கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டு விலகி நிற்கும். சாய்வெழுத்து தமிழ் வாசகருக்குப் பழகிய ஒன்றல்ல. எனவே அழுத்தம் தர அவருடைய சிஸ்டத்தில் தடித்த எழுத்து ஒன்றே வழி, அதுவும் எழுத்துருவிலேயே உண்மையான தடித்த வடிவம் இருந்தால் மட்டும்.

வண்ணமும் அளவும் ‘டோக்கன்’ என்ற பெயரில் ஓரிடத்தில் இருக்கின்றன. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் 2014 வாக்கில் ஜீனா ஆன் உள்ளிட்டோர் பரவலாக்கிய முறை இது. ‘கரும்பச்சை’ என்று நிரலில் எழுதுவதற்குப் பதில் ‘முதன்மைச் செயல்’ என்று எழுதுவது; அந்தப் பெயருக்கு இன்று எந்த நிறம் என்பது ஒரே கோப்பில் இருக்கும். முதலமடை மாந்தோப்பில் நடுப்பகல் வெயிலில் போனைப் பிடித்துப் பார்த்தபோது சாம்பல் எழுத்துகள் மறைந்துபோயின. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது உலக இணைய அணுகல் நெறிமுறை. குழு ‘துணை எழுத்து’ என்ற ஒரு டோக்கனை மட்டும் கருமையாக்கியது. எல்லாச் செயலிகளிலும் எல்லாத் திரைகளும் ஒரே வெளியீட்டில் மாறின. டிசைன் சிஸ்டத்துக்குச் செலவழித்த உழைப்பின் பயனை நிர்வாகத்துக்கு விளங்கவைத்தது அந்த ஒரு மாற்றம்.

திரையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பால் சொசைட்டியில் உற்பத்தியாளர் கையில் போய்ச் சேர்வது ஒரு துண்டுச் சீட்டு: எத்தனை லிட்டர், ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பற்ற திடப்பொருள்) எவ்வளவு, என்ன விலை. 58 மில்லிமீட்டர் தாளில் அச்சிடும் சிறு வெப்ப அச்சுப்பொறிகள் ஒரு வரிக்கு 32 ஆங்கில எழுத்துகளை அடிக்கும். அவற்றின் உள்ளிருக்கும் எழுத்துருவில் தமிழோ மலையாளமோ இருப்பதில்லை. ஆகவே சீட்டு முழுவதையும் 384 புள்ளி அகலமுள்ள படமாக வரைந்து அனுப்ப வேண்டும். முதலில் இது நிரலாளர்களின் தலைவலியாகக் கருதப்பட்டது. சொசைட்டி செயலாளர் ஒருவர் சீட்டை நீட்டி, “அம்மணி, அளவு தெரியுதுங்க, பேருதான் பாதியில நிக்குது. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா யாரோட பாலுன்னு அவங்களே கேப்பாங்க” என்றார். அதன்பிறகு ரசீதும் சிஸ்டத்தின் ஓர் உறுப்பாகச் சேர்ந்தது. பெயருக்கு முழு வரி; தேவைப்பட்டால் இரண்டு வரி. எண்கள் வலப்பக்கம் ஒரே நேர்க்கோட்டில். தொகை மட்டும் தடித்து. லட்சக் கணக்கில் கால்புள்ளி: 1,00,000. ஏலக்காய்ப் பட்டுவாடாவில் இந்தக் கால்புள்ளி இடம் மாறினால் வாசிப்பவர் தடுமாறுவார். புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்துக்குப் பழகிய வியாபாரிகள் தொகையை ஒரே பார்வையில் படிப்பவர்கள்; அந்த வேகத்தைத் திரை தடுக்கக் கூடாது.

குறுஞ்செய்திக்கும் அப்படியே விதி வந்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்தி 160 எழுத்து பிடிக்கும். ஒரே ஒரு தமிழெழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியின் வரம்பும் 70 குறியீடாகச் சுருங்கும். கொழிஞ்சாம்பாறை என்ற பெயர் மட்டுமே அதில் ஐந்தில் ஒரு பங்கு. நீண்டால் செய்தி இரண்டாக உடையும், செலவும் இரண்டாகும். செலவைக் காட்டித் தமிழைக் கைவிடலாம் என்ற யோசனை எழுந்தபோது அவர் ஒப்பவில்லை. தொகை முதலில், தேதி அடுத்து, வாழ்த்துரையும் விளம்பரமும் வேண்டாம் என்று வாசகத்தைச் செதுக்கி எழுதினார்கள். 70-க்குள் அடங்கிய செய்தி, ஆங்கிலச் செய்தியைவிடத் தெளிவாகவும் இருந்தது.

படிவங்களில் அதிக வாதம் நடந்தது பெயருக்கும் முகவரிக்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரட்டைக் கட்டம் தமிழருக்குப் பொருந்தாது. தந்தை பெயரின் தலையெழுத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால். பிரிட்டன் அரசின் சிஸ்டம் பெயருக்கு இயன்றவரை ஒரே கட்டம் போதும் என்கிறது. அதையே எடுத்துக்கொண்டார்கள். முகவரி இன்னும் சிக்கல். கேரளப் படிவங்களில் வீட்டுப்பெயர் கேட்பது வழக்கம். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வசிப்பவருக்கு வீட்டுப்பெயர் ஏது? எஸ்டேட் பெயர், டிவிஷன், லய எண் என்பதே அவர் முகவரி. கட்டாயக் கட்டத்தைத் தாண்டுவதற்காக மக்கள் எதையாவது எழுதிவைக்கிறார்கள். அது பின்னால் தகவல் பிழையாகத் திரும்பி வரும். அவருடைய சிஸ்டத்தில் வீட்டுப்பெயர் விருப்பக் கட்டம். பிறந்த தேதிக்கு நாட்காட்டி விரிவதில்லை. நாள், மாதம், ஆண்டு என மூன்று சிறு கட்டங்கள். அறுபது வயதுக்காரரை அறுபது ஆண்டு பின்னோக்கித் தட்டச் சொல்வது முறையல்ல.

அகரவரிசை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சிஸ்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ச-வுக்கு அடுத்து ஜ. நமது அகராதி வரிசையில் றவும் னவும் பதினெட்டு மெய்யின் கடைசியில் நிற்கும். கிரந்த எழுத்துகள் அவற்றுக்கும் பின்னால். யூனிகோடு எண் வரிசையில் அடுக்கிய ஊர்ப் பட்டியலில் தன் ஊரைத் தேடுபவர் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். உலாவிகளிலேயே மொழிவாரி வரிசை வசதி உண்டு. பட்டியல் உறுப்புக்குள் அதை ஒருமுறை பொருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாக் குழுவுக்கும் கிடைத்துவிடும்.

கட்டுவதைவிடப் பராமரிப்பதே பெரிய வேலை என்பதை இந்தத் துறையில் ஊறியவர்கள் அறிவார்கள். தென்னந்தோப்பைப் போலத்தான்: நட்ட அன்று எல்லாரும் வருவார்கள், ஆண்டு முழுக்கத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் ஒரு குழு பொத்தானை மூலத்திலிருந்து கழற்றித் தனியாக மாற்றிக்கொள்ளும் கணத்தில் சிஸ்டம் உடையத் தொடங்குகிறது. கழற்றியவரைக் கண்டிப்பதில் பயனில்லை என்பது அவருடைய அனுபவம். ஏன் கழற்ற நேர்ந்தது என்று கேட்டால் அநேகமாக ஒரு நியாயமான தேவை வெளிவரும். ஏலக்காய்ச் செயலிக் குழு கட்டத்தைக் கழற்றியது, எடையைக் கிராம் வரை காட்ட இடமில்லாததால். அந்தத் தேவை எண் கட்டத்தில் ஒரு புதிய வகையாகச் சேர்ந்தது. பிறகு பால் சொசைட்டிச் செயலியும் அதையே எடுத்துக்கொண்டது.

வாரத்தில் ஒரு மதியம் யார் வேண்டுமானாலும் கேள்வியோடு வரலாம். புதிய உறுப்பு கேட்டு வருபவரிடம் முதலில் கேட்பது, இருக்கும் எதைப் பயன்படுத்திப் பார்த்தீர்கள், எங்கே இடித்தது என்று. குறைந்தது இரண்டு செயலிகளுக்குத் தேவைப்பட்டால்தான் பொதுச் சிஸ்டத்துக்குள் வரும். ஒப்புதலுக்கு வரும் எந்த உறுப்பும் கொழிஞ்சாம்பாறை, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலை முதலிய பெயர்களைத் தாங்கி, 360 புள்ளி அகலத் திரையில், எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கிய நிலையிலும், மூன்று மொழியிலும் நின்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூன்று பகுதி எண் உண்டு. கடைசி எண் மாறினால் பழுது நீக்கம். நடு எண் மாறினால் புதுச் சேர்க்கை. முதல் எண் மாறினால் பழைய திரைகளில் கைவைக்க வேண்டிவரும். ஓர் உறுப்பை நீக்குவதென்றால் முன்கூட்டியே அறிவித்து, மாற்று எது என்று காட்டி, குழுக்கள் நகர்ந்த பின்தான் நீக்குவார்கள். ஆவணத்தில் விதிக்குப் பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும். காரணம் தெரிந்தவர் விதியை மீறும்போதும் யோசித்து மீறுகிறார். புதிதாகச் சேர்ந்தவர் பழைய வாதத்தை முதலிலிருந்து தொடங்குவதில்லை.

விக்கிமீடியாவின் கோடெக்ஸ் என்ற சிஸ்டத்தை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மொழிகளின் விக்கிப்பீடியாக்களுக்கு ஒரே உறுப்புகள். சொற்களை மொழிபெயர்ப்பவர்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. மொழிபெயர்ப்பாளருக்கு, இந்தச் சொல் எந்தத் திரையில் எங்கே வருகிறது என்ற குறிப்பையும் சேர்த்தே தருகிறார்கள். அதைப் பார்த்துத்தான் அவருடைய குழுவும் ஒவ்வொரு சொல்லுக்கும் திரையின் படமும் விளக்கமும் இணைக்கத் தொடங்கியது. இந்திய அரசும் இந்த வழிக்கு வந்துவிட்டது: தேசிய மின்னாளுமைப் பிரிவின் யுஎக்ஸ்4ஜி பொது உறுப்புகளைத் தருகிறது, 2025-இல் வெளியான டிஜிட்டல் பிராண்ட் அடையாளக் கையேடு அமைச்சகத் தளங்களுக்கான நிறத்தையும் எழுத்துருவையும் சின்னங்களையும் ஒரே ஒழுங்கில் கொண்டுவருகிறது. கேரளத்தில் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் 2024 ஜனவரி 1 அன்று நகரங்களில் தொடங்கியது. இத்தகைய சேவைகளில், மூணாறிலும் வட்டவடையிலும் இருக்கும் தமிழர் திறக்கும் கடைசித் திரைவரை மொழி முழுமையாகத் துணை வர வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். முகப்பில் மட்டும் தமிழ், பிழைச்செய்தி ஆங்கிலம் என்றால், ஆள் திணறும் இடத்தில் மொழி கைவிட்டுவிடுகிறது.

இப்போது குழுவின் மேசையில் இருப்பது ஒலி. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், எழுத்து எந்த மொழி என்ற குறிப்பு நிரலில் இல்லாவிட்டால் தமிழை வேறு குரலில் தப்பாக வாசிக்கும், அல்லது வாசிக்காமலே தாண்டிவிடும். எல்லையோரத் திரைகளில் இது கூடுதல் சிக்கல்: தமிழ்த் தலைப்பு, மலையாளத்தில் எழுதிய ஊர், ஆங்கிலத்தில் வங்கிப் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். பக்கத்துக்கு ஒரு மொழி என்ற பழைய குறிப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மொழி குறிக்கும்படி உறுப்புகளைத் திருத்தி வருகிறார்கள். அத்தோடு இன்னொரு கேள்வியும் தீராமல் நிற்கிறது: ரசீதில் தமிழும் மலையாளமும் இரண்டும் வரலாமா, அல்லது வாங்குபவர் தேர்ந்த ஒன்று போதுமா? இரண்டும் வந்தால் வீட்டில் தமிழ் படிப்பவரும் அலுவலகத்தில் மலையாளம் படிப்பவரும் அதே சீட்டைக் கையாளலாம். ஆனால் தாள் நீளும், எழுத்து சிறுக்கும். இரு வடிவங்களையும் அச்சிட்டு மறையூரிலும் வேலந்தாவளத்திலும் மக்களிடம் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். எந்த எண் எங்கே இருக்கிறது என்று யார் கேட்காமல் கண்டுபிடிக்கிறார்களோ அந்த வடிவம் அடுத்த வெளியீட்டில் சேரும். காரணம் ஆவணத்தில் ஏறும்.